விளையாட்டுக் களத்தில் நாவடக்கம்

சில மாதங்களுக்கு முன், மாலைச் செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நமது பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனுக்குப் பதினைந்து வயது. ஞாயிறுதோறும் பீடத்தில் பணிபுரிபவன். மறைக்கல்வித் தேர்வில் பரிசு பெற்றவன். "இவன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நீங்களே கேளுங்கள், சாமி. ராத்திரி கைப்பேசியில் விளையாடும்போது யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்து இவன் சொன்னதை என் நாக்கால் சொல்ல முடியாது" என்று கூறி, அத்தாய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அச்சொற்கள் எவையென நாமும் கேட்கவில்லை.

கைப்பேசியைப் பறித்துவிடுமாறு மகனிடம் நாம் கட்டளையிட வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். சிறுவனோ தலைகவிழ்ந்து நின்று, "முகம் தெரியாத ஆள்தானே சாமி. அவங்களும் அப்படித்தான் பேசுறாங்க" என்றான். சற்று நேரங்கழித்து அவனே மற்றொன்றும் சொன்னான். அவன் பேசிய பேச்சுக்காக அவ்விளையாட்டை நடத்துவோர் ஏழு நாள்கள் அவன் வாயைப் பூட்டிவிட்டனராம். விளையாடலாம், ஆனால் பேசவோ எழுதவோ முடியாது. அவனைத் திருத்த நமக்கு முன்னரே எவரோ முயன்றிருக்கின்றனர் என்பதை அறிந்து வியந்தோம். "எந்தச் சொல்லுக்காகப் பூட்டினார்கள்?" என வினவினோம். "தெரியல சாமி. ஏதோ தப்பாப் பேசினேனாம்" என்றான்.

அவ்விடையே நம்மை இக்கட்டுரைக்கு இட்டுவந்தது.

இணையவழிக் கூட்டு விளையாட்டுகள் எத்தகையன என்பது நம் வாசகர்களில் மூத்தோர் பலருக்கு விளங்காது. நமக்கும் விளங்கவில்லை, அச்சிறுவனே அன்று நமக்கு ஆசிரியனானான். ஒருவரையொருவர் முன்பின் கண்டிராத பிள்ளைகள், வெவ்வேறு ஊர்களில், ஏன், வெவ்வேறு நாடுகளில் அமர்ந்துகொண்டு ஒரே அணியாகச் சேர்ந்து மற்றோர் அணியை எதிர்க்கின்றனர். காதில் ஒலிவாங்கி மாட்டியிருப்பதால் பேசிக்கொள்ளவும் இயலும். ஆட்டம் ஏறத்தாழ அரைமணி நேரம் நீடிக்கும். ஒருவன் தவறினால் அணி முழுவதும் தோற்கும். ஒருவன் கோபித்துக்கொண்டு இடையில் எழுந்து போனால் எஞ்சியோர் அரைமணி நேரம் அடிவாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இத்தகைய இடத்தில் வசைமொழி பிறப்பதில் வியப்பென்ன? எதிரே முகம் இல்லை; கண்ணீர் தெரியாது; ஆட்டம் முடிந்தால் அந்த ஆளை மறுபடியும் சந்திக்கப் போவதுமில்லை. இப்பழக்கத்தை இளைஞர்கள் 'டாக்ஸிக்' என்கின்றனர். நஞ்சு என்பது பொருள். பொருத்தமான பெயரே. நாவினை நஞ்சுக்கு ஒப்பிட்டுப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியதை நாம் வாசிக்கக் கேட்கிறோம் அன்றோ?

(பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அதற்கு 2025-ஆம் ஆண்டில் நமது நாடாளுமன்றமே தடைச் சட்டம் இயற்றியுள்ளது. அது வேறு நோய்.)

யார் அந்தக் கெட்ட பிள்ளைகள்?

அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ரையட் கேம்ஸ் என்னும் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அணிக்கு ஐவர். சில ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் அதில் சேர்ந்தனர். கூடவே வசைமொழியும் பெருகிற்று. புதிதாய் வருவோர் அந்த ஏச்சைத் தாங்க மாட்டாமல் ஓடுவதைக் கண்ட நிறுவனம், நரம்பியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜெஃப்ரி லின் என்பவரையும் வேறு ஆய்வாளர்களையும் பணியிலமர்த்தியது. பணம் போகுமே என்ற கவலையால்தான் செய்தார்கள் என்று சிலர் கூறலாம். இருக்கட்டும். நல்ல செயலுக்குப் பின்னால் கலப்படமற்ற நோக்கம்தான் இருக்க வேண்டுமென்றால் உலகில் பாதி நன்மை நடவாது.

ஆய்வாளர்கள் முதலில் நினைத்தது நாம் எல்லோரும் நினைப்பதையே: சில போக்கிரிகள் இருப்பார்கள், அவர்களைக் களையெடுத்தால் வயல் தூய்மையாகிவிடும். கணக்கெடுத்துப் பார்த்தபோது கணக்கு வேறாக இருந்தது. எப்போதும் தீய நாவுடையோரால் விளைந்த கேடு ஏறத்தாழ 13 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 87 விழுக்காடு வசைமொழி, மற்ற நாள்களில் அமைதியாக, நல்லவர்களாகவே விளையாடும் சாதாரண மனிதரிடமிருந்து வந்தது. அன்று அவர்களுக்கு ஒரு கெட்ட நாள். பள்ளியில் அடி, வீட்டில் சண்டை, அலுவலகத்தில் அவமானம். அதை முகம் தெரியாத ஒருவன் தலையில் இறக்கிவைத்துப் போனார்கள். அவன் அதை அடுத்த ஆட்டத்திற்குச் சுமந்து சென்றான்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த குருக்கள் எவருக்கும் இது புதுமையாகத் தோன்றாது. கோதுமையையும் களையையும் அறுவடைவரை சேர்ந்து வளரவிடச் சொன்ன நம் ஆண்டவருடைய உவமையை நாம் பெரும்பாலும் இரண்டு வகை மனிதரைப் பற்றியதாகவே விளக்குகிறோம். ஒரே மனிதனுக்குள்ளும் அவ்வயல் உண்டு. பீடத்தில் தூபம் காட்டும் கையும் நள்ளிரவில் வசையை எழுதும் விரலும் ஒரே சிறுவனுடையவை. அத்தாய் நம்மிடம் அழைத்துவந்தது 13 விழுக்காட்டுப் பிள்ளையையன்று. 87 விழுக்காட்டுப் பிள்ளையை.

ஆகவே வெளியேற்றுவது மட்டும் மருந்தாகாது என்று உணர்ந்த அந்நிறுவனத்தார் பலவற்றைச் செய்து பார்த்தனர். 2011-இல் ஒரு பஞ்சாயத்து வைத்தனர். புகாருக்குள்ளானவர் எழுதிய சொற்கள் அவர் பெயரின்றி மற்ற விளையாட்டாளர்முன் வைக்கப்படும். தண்டிக்கலாமா, மன்னிக்கலாமா என்று அவர்கள் வாக்களிப்பர். சில ஆண்டுகளே அது நீடித்தது. தீர்ப்பு வர நெடுநாள் ஆனமையால், தண்டனை வந்து சேரும்போது குற்றம் செய்தவனுக்கே அது மறந்து போயிருந்தது.

மற்றொரு முயற்சி நம்மை மிகவும் கவர்ந்தது. எதிரணியோடு எழுத்தில் உரையாடும் வசதியை அவர்கள் அகற்றவில்லை, முதலிலேயே மூடிவைத்தனர். வேண்டியவர் ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துகொள்ளலாம். அவ்வளவே. வசைமொழி 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நல்ல சொற்கள் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடின. பேச்சின் மொத்த அளவோ ஏறக்குறைய முன்போலவே இருந்தது. கதவைத் திறக்க ஒரு கணம் கை நீளும்போது மனிதன் யோசித்துவிடுகிறான் போலும். 'வாய்க்குக் காவல்' வேண்டித் திருப்பாடலாசிரியர் மன்றாடியதும் இத்தகைய ஒரு சிறு கதவைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. தவறிழைத்த தோழனைத் திட்டினால் அவன் இன்னும் மோசமாகவே ஆடுவான் என்னும் அறிவுரையைச் சிவப்பு எழுத்தில் காட்டியபோது இழிசொற்கள் 11 விழுக்காடு குறைந்தனவாம். வேறு நிறத்தில் காட்டியபோது அத்துணைப் பயன் இல்லை. மனித மனம் விந்தையானது!

தண்டனையைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்டவை இரண்டு. காரணம் சொல்லாமல் தடை விதித்தபோது பலர் திரும்பி வந்து அதே தவற்றைச் செய்தனர். அவர்கள் எழுதிய சொற்களையே எடுத்துக்காட்டி, "இதற்காக இத்தண்டனை" என்று அறிவித்தபோது திருந்தியோர் தொகை உயர்ந்தது. இரண்டாவது, விரைவு. 2015-இல் ஆட்டம் முடிந்த கால்மணி நேரத்திற்குள் தண்டனையும் காரணமும் சென்றடையுமாறு ஏற்பாடு செய்தனர். ஒருமுறை தண்டனை பெற்றோரில் 91.6 விழுக்காட்டினர் மீண்டும் குற்றம் புரியவில்லை என்று லின் அவ்வாண்டில் எழுதினார். நமது பீடச் சிறுவனின் ஏழு நாள் பூட்டில் இல்லாமற்போனது இதுவே. எந்தச் சொல்லுக்காக என்று அவனுக்கு யாரும் கூறவில்லை. எனவே ஏழு நாளும் அவன் தன்னையன்று, பூட்டியவனையே வெறுத்துக்கொண்டிருந்தான்.

திறமைசாலிகளுக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழில்முறையாக விளையாடிப் புகழ்பெற்றிருந்த ஒருவர், ஓயாத வசைமொழிக்காக 2012 டிசம்பரில் ஓராண்டு போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். ஓராண்டு கழிந்ததும் திரும்பிவந்து மேலும் சில ஆண்டுகள் விளையாடினார். கதவு மூடப்பட்டது, ஆனால் திறக்கும் நாளும் முதலிலேயே குறிக்கப்பட்டிருந்தது.

பாராட்டும் அதன் ஆபத்தும்

தண்டனையோடு நிறுத்தாமல், 2012 அக்டோபரில் அதே நிறுவனம் பாராட்டுக்கும் வழி செய்தது. அப்போது ஆட்டம் முடிந்ததும் ஒருவர் மற்றவரை நட்புக்காகவும், உதவிக்காகவும், கூட்டுழைப்புக்காகவும் பாராட்ட முடிந்தது. எதிரணியினரை நேர்மையான எதிராளி என்று பாராட்டவும் தனி இடம் இருந்தது. 2018 ஜூனில் பிளிசார்டு நிறுவனத்தின் 'ஓவர்வாட்ச்' விளையாட்டிலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. அங்கே பாராட்டுகள் சேரச் சேர ஒருவருடைய படி ஒன்றிலிருந்து ஐந்துவரை உயரும். தொடர்ந்து நல்லவராக நடவாவிட்டால் படி தானே இறங்கும். அடுத்த மாதமே, வசைமொழி இடம்பெற்ற ஆட்டங்கள் அமெரிக்கப் பகுதியில் 26.4 விழுக்காடும் கொரியாவில் 16.4 விழுக்காடும் குறைந்தன என்று நிறுவனத்தார் அறிவித்தனர். அவர்களே எடுத்த கணக்கு என்பதையும் நினைவிற் கொள்வோம்.

அதே விளையாட்டில் வென்றவர்கள் தோற்றவரைப் பார்த்து, "இது எங்களுக்கு எளிது" என்று ஏளனமாக ஈரெழுத்துச் சுருக்கம் ஒன்றை எழுதுவது வழக்கமாம். நடத்துவோர் அவ்வெழுத்துகள் திரையில் தோன்றும்போது அவற்றைத் தாமாகவே மாற்றிவிட்டனர். ஏளனம் செய்தவன் தன் அம்மாவுக்குப் பயந்து உறங்கப் போகும் சிறுபிள்ளைபோலப் பேசுவதாகத் திரையில் வரும்! இதைக் கேட்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். மேனாட்டில் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது நல்ல பிள்ளைகளுக்குப் பரிசும் குறும்பருக்கு நிலக்கரித் துண்டும் வைக்கும் கதை உண்டல்லவா? 2023 டிசம்பரில் 'டோட்டா 2' என்னும் விளையாட்டில், கேடு செய்தவர்கள் சிலர் திறந்த பரிசுப் பெட்டியில் நிலக்கரியும் தடை அறிவிப்பும் இருந்தனவாம்.

ஆயினும் பாராட்டுக்கு ஒரு நோய் உண்டு. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்ற பேரம் இத்தகைய விளையாட்டுகளில் நடக்கிறது என்று நமது சிறுவனே ஒப்புக்கொண்டான். இணையத்தில் மட்டுமா? 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஜப்பானும் செனகலும் புள்ளிகளிலும் கோல்களிலும் சமமாக நின்றன. மஞ்சள் அட்டைகளை எண்ணினார்கள். ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. ஒழுக்கத்தால் ஒரு நாடு அடுத்த சுற்றுக்குச் சென்றது என்று மகிழலாம். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில், போலந்திடம் ஒரு கோல் பின்தங்கியிருந்த ஜப்பானிய வீரர்கள், இத்தோல்வியே போதும், அட்டை மட்டும் வாங்காதிருந்தால் சரி என்று கணக்கிட்டு, கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு நேரத்தைக் கழித்தனர். பார்வையாளர் கூச்சலிட்டனர். ஒழுக்கத்திற்குப் பரிசு வைத்ததும் ஒழுக்கமே ஒரு தந்திரமாகிவிட்டது!

அப்படியானால் பரிசே வேண்டாமா? குருமடத்தில் நாம் படித்த ஒழுக்கவியல் இதற்கு உதவுகிறது. தண்டனைக்கு அஞ்சி வரும் மனத்துயர் குறைவுள்ளதே. இறைவன்பால் உள்ள அன்பினால் எழுவதே உத்தம மனஸ்தாபம். எனினும் திருச்சபை அந்தக் குறைவுள்ள துயரத்தை வீசி எறியவில்லை. அதனோடு வருபவனுக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பாராட்டுக்காக நாவை அடக்கும் சிறுவன் முதற்படியில் நிற்கிறான். அப்படியிலேயே அவனை விட்டுவிடுவதுதான் தவறு. அந்த நிறுவனங்களால் அவனை அதற்குமேல் ஏற்றவும் இயலாது. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்தகைய கூட்டு விளையாட்டுகளை ஆடும் பெரியோரில் 74 விழுக்காட்டினர் ஏதேனுமொரு வகையில் துன்புறுத்தலுக்கு ஆளானதாக ஓர் ஆய்வு கூறிற்று. அதே அமைப்பு 2021-இல் எடுத்த கணக்கில் அது 83 விழுக்காடாயிற்று. இத்தனைப் பூட்டுகளும் பாராட்டுகளும் வந்த பின்னர்! எஞ்சிய படிகள் வீட்டிலும் பங்கிலுமே உள்ளன.

தொன்போஸ்கோவும் நாமும்

இளைஞரின் தந்தையாம் புனித தொன்போஸ்கோ 1877-இல் தம் கல்வி முறையைச் சுருக்கமாக எழுதிவைத்தார். குற்றம் நிகழ்ந்தபின் தண்டிக்கக் காத்திருக்கும் முறையை ஒதுக்கி, குற்றம் நிகழாதவாறு பிள்ளைகளோடு கூடவே இருக்கும் முறையை அவர் தேர்ந்துகொண்டார். துள்ளவும் ஓடவும் கூச்சலிடவும் பிள்ளைகளுக்குத் தாராளமாய் உரிமை கொடுக்கச் சொன்னார். நல்லதைச் செய்தபோது பாராட்டுவதும் தவறியபோது கடிந்துகொள்வதுமே போதிய பரிசும் தண்டனையும் ஆகும் என்பது அவர் கருத்து. கண்டிப்பதை எவர் முன்னிலையிலும் செய்யாமல் தனியே அழைத்துச் செய்க என்றும் வலியுறுத்தினார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர் கணினியைக் கொண்டு கண்டறிந்தவற்றுள் பலவற்றைத் தூரின் நகரத்து முற்றத்தில் அவர் வெறுங்கண்ணால் கண்டிருந்தார். அவர் சொன்ன அந்தத் தனிமை எத்துணை முதன்மையானது என்பதைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை.

ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றியபோது, இளைஞர் கால்பந்துக் குழுவை நாமே நடத்தினோம். பதினெட்டு வயதுக் கோல்காப்பாளன் ஒருவன் ஒரு போட்டியில் நடுவரை மிகவும் இழிந்த சொற்களால் ஏசினான். நாம் அவனை அழைத்துப் பேசவில்லை. எட்டு நாள் கழித்து, ஞாயிறு திருப்பலியின் இறுதி அறிவிப்புகளில், அவன் பெயரைச் சொல்லி, அவன் இனிக் குழுவில் இல்லை என அறிவித்தோம். கோவிலின் பின்வரிசையில் நின்றிருந்தவன் ஒரு சொல்லும் பேசாமல் வெளியே நடந்தான். அந்தப் போட்டி நாளன்று காலையில்தான் அவன் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பது நமக்குப் பின்னரே தெரியவந்தது. அவனுடைய தாய் தவறாது திருப்பலிக்கு வந்தார். அவன் வரவில்லை, நாம் அப்பங்கை விட்டு மாறும்வரை வரவேயில்லை.

சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே சென்று பேசவும், பின்னரே ஓரிருவரைக் கூட்டிச் செல்லவும், அதற்கும் இணங்காதபோதே சபைக்கு அறிவிக்கவும் நம் ஆண்டவர் வரிசை அமைத்துக் கொடுத்திருக்கிறார். நாம் மூன்றாவதிலிருந்து தொடங்கினோம்.

அதனால்தான் கைப்பேசியைப் பறிக்கும் கட்டளையை அன்று நாம் பிறப்பிக்கவில்லை. தாயை வெளியே செபமாலைக் கெபியருகே காத்திருக்கச் சொல்லிவிட்டு, சிறுவனிடம் தனியே பேசினோம். எந்தச் சொல்லைச் சொன்னாய் என்று அவனையே எழுதச் சொன்னோம். எழுதினான், எழுதியதை வாசிக்கச் சொன்னோம், அவனால் இயலவில்லை. அன்று பகலில் என்ன நடந்தது என்று கேட்டபோது கணிதத் தேர்வின் மதிப்பெண் வெளிப்பட்டது. நேரத்தைக் குறைப்பதற்கு, 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுத்திசை எடுத்துக்காட்டினோம். அவரும் இவன் வயதுச் சிறுவர்தாம், கணினியில் வல்லவர், எனினும் வாரத்திற்கு ஒரு மணி நேரமே இத்தகைய விளையாட்டு எனத் தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டவர். "ஒரு மணி நேரமா!" என்று சிறுவன் அலறினான். நாளொன்றுக்கு ஒரு மணி என்று பேரம் முடிந்தது. தாய்க்கு அதில் முழு நிறைவில்லை.

பங்குத் திருவிழாவையொட்டி நடைபெறும் இளைஞர் போட்டிகளில் இவ்வாண்டு ஒரு மாற்றம் செய்யவிருக்கிறோம். கோப்பைகளோடு, நல்ல எதிராளிக்கென ஒரு பரிசும் உண்டு. தோற்ற அணியினரே அதற்கு உரியவரைத் தெரிந்தெடுப்பர். தோற்றவன் பேரம் பேச மாட்டான் என்பது நம் கணக்கு. பேசினாலும் பேசலாம், பார்ப்போம். இழிசொல் பேசியவர் அடுத்த ஆட்டத்தில் வெளியே அமர வேண்டும். காரணத்தை அவரிடம் மட்டும், அப்போதே கூறுவோம். ஒலிபெருக்கியில் எவர் பெயரும் வராது.

இத்திட்டத்தைப் பீடச் சிறுவரிடம் விளக்கியபோது பழைய கோல்காப்பாளனின் கதையையும் சொல்ல நேர்ந்தது. நமது பதினைந்து வயது ஆசிரியன் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புறம் அவர்கிட்ட பேசினீங்களா சாமி?" என்றான்.

சென்ற வாரம் அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கு எழுதி முகவரியைப் பெற்றுக்கொண்டோம். அவருக்கு இப்போது நாற்பது வயது, கோவையில் பணியிலிருக்கிறாராம், இரண்டு பிள்ளைகள். கடிதத்தின் முதல் வரியை இருமுறை எழுதி இருமுறையும் கிழித்துவிட்டோம். இன்றிரவு மீண்டும் உட்கார வேண்டும்.